என் நாரி நோவுக்குத் தங்கச்சி எடுத்த படம்

கடற்கரை வீதி, பின்வளவு வீடு,
கல்முனைக்குடி.

என்ட பாவாக்குட்டி மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஒங்கட பொஞ்சாதி சுல்பிகா எழுதிக்கொள்வது. இவ்விடம் எல்லாரும் சுகம், அவ்விடம் உங்கள் சுகத்துக்கு மடல் போடவும் என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம். நீங்கள் சவூதியில் இருந்த எட்டு வருசமும் கிழமைக்கு ஒன்று அப்படித்தான் எழுதினேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் எழுதப் பழகியதே உங்களுக்குக் கடிதம் எழுதித்தான். நீங்களும் என் பிழைகளுக்கெல்லாம் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு, அதே கடிதத்தைத் திருப்பி அனுப்புவீர்கள். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை, அதனால் இதை எழுதி முடித்ததும் மகள் சிபானாவிடம் கொடுத்துப் பிழை பார்த்துத்தான் வைப்பேன். இப்போது நீங்கள் இருக்கிற இடத்துக்குத் தபால் போகாது என்று எனக்குத் தெரியும். நீங்கள் மௌத்தாகி ஆறு மாதமும் பத்து நாளும் ஆகிறது. இவ்வளவு காலம் ஊர்ப் புதினம் ஒன்றும் உங்களுக்குச் சொல்லாமல் நான் இருந்ததே இல்லை. வயிறு ஊதிப்போய்க் கிடக்கிறது, மச்சான், அதுதான் எழுதுகிறேன்.

புதினம் என் நாரியை, பின்னிடுப்பைப் பற்றியது. உங்களை அடக்கிய மூன்றாம் நாள் காலையில் பாயை விட்டு எழும்பப் பார்த்தேன், இடுப்புக்குக் கீழே ஆரோ ஆணி அடித்துவிட்ட மாதிரி இருந்தது. தலைமாட்டுச் சுவரைப் பிடித்து, முழங்காலில் நின்று, அல்லாஹ்வைக் கூப்பிட்டு, ஒரு மாதிரி நிமிர்ந்தேன். துக்கம் என்றால் நெஞ்சுதானே நோக வேண்டும், எனக்கு நாரி நோகிறது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லாமலே இருபது நாள் சுவரைப் பிடித்துத் திரிந்தேன். சிபானா கண்டுபிடித்துவிட்டாள். அவள் கண்டால் மருமகன் நளீம் கண்ட மாதிரி, நளீம் கண்டால் அவருடைய போனில் இருக்கிற குடும்பக் குழுவில் நாற்பத்திமூன்று பேரும் கண்ட மாதிரி. கட்டாரிலிருந்து மகன் இன்ஸாப் குரல் அனுப்பினான்: "உம்மா, ஒண்டுக்கும் யோசிக்காதீங்க. மொதல்ல ஒரு படம் எடுங்க. படம் எடுத்தா எல்லாம் தெரிஞ்சிரும்."

அன்றைக்கே படம் எடுக்கிற இடத்தில் நளீம் நம்பர் போட்டுவிட்டார். நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை மௌத்தாகி இத்தாவில் வீட்டோடு இருக்கிறவள் எப்படி வெளியே போகிறது? நளீம் மௌலவியிடம் போய்க் கேட்டார். "நோய்க்கு மருந்து எடுக்கப் போறதுக்கு மார்க்கத்துல ஒரு தடையும் இல்ல, தாராளமாக் கூட்டிட்டுப் போங்க" என்று அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். மௌலவி சொன்னது எனக்குக் காணாது. நாலு மாதம் பத்து நாள் என்றால் நாலு மாதம் பத்து நாள்தான், உங்களுக்குச் சேர வேண்டியதில் அரை நாளை ஒரு மெசினுக்குக் கொடுக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தேன். அப்போதுதான் தங்கச்சி றாஹிலா கதவைச் சாத்திவிட்டு என் காதுக்குள் அந்த யோசனையைச் சொன்னாள்.

"ராத்தா, நான் போறன்."

"நீ எங்கடி போற? நோவு எனக்கெல்லவா?"

"முகத்த மூடிக்கிட்டுப் போனா நீங்க ஆரு, நான் ஆரு? ஒரே உம்மாட வயித்துல கிடந்தம், ஒரே உரல்ல இடிச்ச மாவத் திண்டம். எலும்பு மட்டும் என்ன வேறயாவா இரிக்கப்போகுது?"

சிரிக்காதீங்க, மச்சான். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். ஆனால் எனக்கு அது அவ்வளவு பிழையாகப் படவில்லை. இருபது வருசமாக என் சட்டைக்கெல்லாம் தையல்காரிக்கு அளவு கொடுத்தது ஆரு? றாஹிலாதானே. நான் ஒரு நாளும் தையல்காரி வீட்டு வாசலை மிதித்ததில்லை, அவளுக்கு அளவெடுத்த சட்டை எனக்குக் கையிலும் சரி, கழுத்திலும் சரி. மேலே போடுகிற சட்டை சரியென்றால் உள்ளே இருக்கிற எலும்பு எவ்வளவு பிழைத்துவிடப் போகிறது? சரி, போய்ட்டு வா என்றேன்.

போனாள். நளீம் ஓட்டோவில் முன்னுக்கு இருந்தார், அவள் பின்னுக்கு இருந்தாள். மாமியைத்தான் ஏற்றிப்போகிறேன் என்று நினைத்து அவர் மேடுபள்ளத்துக்கெல்லாம் மெதுவாகப் போகச் சொல்லியிருக்கிறார். அங்கே பேரைக் கேட்டார்களாம், சுல்பிகா என்றாளாம். வயதைக் கேட்டார்களாம், அறுபத்தொன்று என்றாளாம். வந்ததும் வராததுமாக என்னோடு கொளுவினாள்: "படம் எடுத்தது நோகல்ல ராத்தா. மூணு வயசு கூட்டிச் செல்ல வெச்சிட்டீங்க, அதுதான் நோகுது."

படம் வந்தது. பெரிய உறைக்குள் கறுப்புத் தாள், நடுவில் வெள்ளையாக முள்ளு. நீங்கள் இருந்தால் யன்னலில் பிடித்துப் பார்த்துவிட்டு, இது பாரையா சுறாவா என்று கேட்டிருப்பீர்கள். நளீம் அதைப் போட்டோ பிடித்துக் குழுவில் போட்டார். அசர் தொழுகைக்கு முன்னால் கட்டாரிலிருந்தும் லண்டனிலிருந்தும் அது நாலாவது எலும்பு, இல்லை ஐந்தாவது எலும்பு என்று பதில் வந்துவிட்டது. அன்றிலிருந்து நம்மட வீட்டுக்கு மையத்து விசாரிக்க வந்தவர்களெல்லாம் படம் விசாரிக்கத் தொடங்கினார்கள். வாசலில் ஸலாம், உங்களுக்கு ஒரு துஆ, பிறகு "எங்க, அந்தப் படத்தக் காட்டுங்களேன்." முன்வீட்டு அபுல் ஹஸன் காக்கா முற்றத்தில் நின்று படத்தை வெயிலுக்குப் பிடித்து, "எனக்கும் இதே இடம்தான், ஆனா என்டது இதவிட மோசம்" என்று பெருமையாகச் சொன்னார். அவருடைய படத்தையும் வீட்டிலிருந்து எடுப்பித்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, எதில் தேய்வு கூட என்று நாலு பேரிடம் கருத்துக் கேட்டார். இத்தாவில் இருக்கிறவளை அந்நிய ஆம்புளைகள் பார்க்கப்படாது என்று எனக்குத் திரை கட்டியிருக்கிறது, ஆனால் என் எலும்பை ஊர் ஆம்புளைகள் முழுக்க முற்றத்தில் நின்று பார்க்கிறார்கள். என் எலும்பு என்று நினைத்து றாஹிலாவுடையதை. அவள் திரைக்குப் பின்னால் என் பக்கத்தில் சுருண்டுகொண்டு, "அல்லாஹ், ராத்தா, என்ட மாப்புளகூட இவ்வளவு பாத்ததில்ல" என்று முணுமுணுத்தாள்.

டொக்டரிடம் படத்தை நளீம்தான் கொண்டுபோனார். நோயாளி எங்கே என்று டொக்டர் கேட்கவில்லையாம். படம் வந்தால் போதும், நாரி வரத்தேவையில்லை. வெளிச்சப் பெட்டியில் மாட்டி, அங்கேயிருந்து போன் எடுக்கச் சொன்னாராம். நளீம் போனில் கேட்டார்: "மாமி, பாரம் ஏதும் தூக்கினீங்களா எண்டு கேக்குறார்." நான் இல்லை என்றேன். வீட்டில் நோயாளி இருந்தாரே என்றாராம். அதற்கு நளீமே பதில் சொல்லிவிட்டார்: மாமா ஒரு பக்கக் கைகால் வழங்காமல் இரண்டு வருசம் இருந்தார், ஆனால் கடைசி நாள் வரைக்கும் ஆரிலும் சாயாமல் தானாகவே எழும்பி வந்து வாசல் கதிரையில் இருந்தார், ஊரே சாட்சி என்று. ஓம், அப்படித்தான் இருந்தீங்க. டொக்டர் எழுதிக்கொண்டாராம். பிறகு இந்தப் படத்தில் எலும்பு மட்டும்தான் தெரியும், நரம்பு பார்க்கக் குழாய்க்குள் போட்டு எடுக்கிற பெரிய படம் வேண்டும், எம்.ஆர்.ஐ. வேண்டும் என்றாராம். ஒரு படம் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று சொன்ன வாயால் இன்ஸாப் இப்போது, "உம்மா, அந்தப் படம் கணக்கில்ல, இந்தப் படம்தான் படம்" என்றான்.

அதற்கும் றாஹிலாதான் போனாள். மட்டக்களப்புக்கு. இனிமேல் நான் போனால் இரண்டு படமும் இரண்டு ஆளாகிப் போகுமே. திரும்பி வந்தவள் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுச் சொன்னாள்: "ராத்தா, அது படம் எடுக்கிற மெசின் இல்ல, கபுறுக்குழி. ஆள உள்ளுக்குத் தள்ளிட்டு வெளியில நிண்டு சம்மட்டியால அடிக்கிறாங்க." சொன்ன பிறகுதான் ஆரிடம் சொல்லுகிறோம் என்று யோசித்து வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கோபப்படவில்லை. "எந்தப் பக்கமாடி படுக்க வெச்சாங்க?" என்று மட்டும் கேட்டேன். "மல்லாக்க" என்றாள். மல்லாக்க என்றால் பரவாயில்லை என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

றிப்போட் இங்கிலீசில் மூன்று பக்கம். நளீம் போனில் போட்டுத் தமிழாக்கி, நாற்காலி போட்டு இருந்து, பள்ளியில் குத்பா ஓதுகிற மாதிரி வாசித்தார். ஐந்து இடத்தில் தேய்வு. மூன்று இடத்தில் பிதுக்கம். ஒரு இடத்தில் நரம்பு நசுங்குது. ஒரு தட்டு காய்ந்து போய்க் கிடக்குது. சிபானா ஓவென்று அழுதாள். இன்ஸாப் கட்டாரில் அழுதான்: "உம்மா, குனியாதீங்க, நிமிராதீங்க, இருக்காதீங்க, நிக்காதீங்க!" மூச்சு விடலாமா மகன் என்று கேட்டேன், அதற்கும் அழுதான். "இந்தப் படத்துக்கு மாமி நடமாடுறதே பெரிய அதிசயமாம்" என்று நளீம் முடித்தார்.

அந்த நேரம் படத்துக்குச் சொந்தக்காரி மொட்டைமாடியில் செத்தல் மிளகாய் காய வைத்துக்கொண்டு நின்றாள். அரை மூட்டை மிளகாயை இடுப்பில் இடுக்கி, படியால் இறங்கி வந்து, கடைசி வசனத்தைக் கேட்டாள். மச்சான், எனக்குக் கண்ணுக்குள் நிற்கிறது. மிளகாய் மூட்டையை மெல்லக் கீழே வைத்தாள். சுவரைப் பிடித்தாள். அப்படியே சரிந்து இருந்தாள். அதுக்குப் பிறகு எழும்பவே இல்லை. ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் ஒரு நாளும் நாரி எங்கே இருக்கிறது என்று தேடாதவள், அன்றைக்கு என் கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டாள். "ராத்தா, எனக்குத் தட்டு காஞ்சிட்டாம். நரம்பு நசுங்குதாம். நான் இவ்வளவு நாளும் தெரியாம நடந்து திரிஞ்சிரிக்கன்." நோகுதா என்று கேட்டேன். "இன்னும் இல்ல, இனி வரும்" என்றாள். மஃரிப் தொழுகைக்குள் நோவு வந்துவிட்டது. நோவுள்ள நான் கீழே பாயில் படுத்து, சுவரைப் பிடித்து எழும்பி, நோவில்லாதவளுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். ராத்தாட கவலையில் தங்கச்சி விழுந்துவிட்டாள் என்று ஊர் அவளைப் புகழ்ந்தது.

இதுவரைக்கும் பகிடி. பிறகு கொழும்பில் ஒரு பெரிய டொக்டருக்கு நளீம் படத்தை அனுப்பினார். ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரத்தில் பதில் வந்தது. வெட்ட வேண்டும். முதுகைத் திறந்து, தட்டை எடுத்துவிட்டு, ஆறு ஸ்குறூ பூட்ட வேண்டும். நம்மட கரைவலைத் தோணிக்குப் பலகை மாற்றியபோதுகூட நாலுதான் பூட்டினோம். இத்தா முடிந்து எட்டாம் நாள் திகதி எழுதிவிட்டார்கள்.

வெட்டப்போவது என் முதுகை, வெட்டச் சொல்லுவது றாஹிலாவின் படம். உண்மையைச் சொன்னால் கத்தி அவள் பக்கம் திரும்பும். சொல்லாவிட்டால் நான் மல்லாக்கப் போய்க் கத்திக்குக் குப்புறக் கிடக்க வேண்டும். இத்தாவில் இருந்து ஊரை ஏமாற்றினாள் சுல்பிகா என்ற பேர் வேறு வரும். இரவுபகல் யோசித்து றாஹிலாவிடமே கேட்டேன். கட்டிலில் படுத்தபடி ஆற அமர யோசித்துவிட்டுச் சொன்னாள்: "நீங்களே செஞ்சிக்குங்க ராத்தா. ஒரே வயித்துல பொறந்தம். ஒங்களுக்குப் பூட்டினா எனக்கும் கொஞ்சம் சொகம் வரும்."

நாள் வந்தது. நளீம் வேன் பிடித்து, பின் ஆசனத்தைக் கழற்றிவிட்டு, மெத்தை போட்டு, என்னை அதில் கிடத்தினார். துணைக்கு வருகிறேன் என்று றாஹிலாவும் ஏறினாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் என்னைவிட அவள்தான் சத்தம் போட்டாள். கொழும்பில் வெட்டுவதற்கு முதல்நாள் ஒரு சின்ன டொக்டர் பொம்புளைப்பிள்ளை வந்து, மூன்று பக்க றிப்போட்டை வரிவரியாக வாசித்தாள். அதை முழுசாக வாசித்த முதல் ஆள் அவள்தான் என்று நினைக்கிறேன். அவள் என்னவோ கேட்க, சிபானா முகம் மாறி என்னிடம் திரும்பினாள்.

"உம்மா, ஒங்கட கர்ப்பப்பை எங்க?"

"வெச்ச இடத்துலதான் இரிக்கும்."

"படத்துல இல்லியாம்!"

"வடிவாத் தேடிப் பாக்கச் செல்லு மகள்."

"எடுத்திரிக்காம், உம்மா. எடுத்துக் கனகாலமாம். எப்ப எடுத்த? எங்களுக்கு ஏன் செல்லல்ல?"

"எனக்குத் தெரியாம எடுத்திருப்பாங்க" என்றேன். வேறு என்ன சொல்ல? நளீம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது மூலைக் கதிரையிலிருந்து றாஹிலா, இரண்டு மாதமாக எழும்ப முடியாதவள், துள்ளி எழும்பினாள். "அது என்ட! பதினெட்டு வருசத்துக்கு முன்ன எடுத்த! படமும் என்ட, தட்டும் என்ட, எல்லாம் என்ட! ராத்தாவ வெட்டாதீங்க!" என்று அழுதாள். கடைசி நேரத்தில் தங்கச்சி தங்கச்சிதான். பிறகு, "என்னையும் வெட்டாதீங்க" என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டாள்.

அந்தச் சின்ன டொக்டர் சிரிக்கவில்லை. றாஹிலாவைக் குனியச் சொன்னாள், குனிந்தாள். குதிக்காலில் நடக்கச் சொன்னாள், நடந்தாள். இந்தப் படம் எடுக்க முந்தி நோவு இருந்ததா என்று கேட்டாள், இல்லை. அப்படியென்றால் இதில் இருக்கிறதெல்லாம் தலைமுடி நரைக்கிற மாதிரி, நோவில்லாத கனபேருக்கு இப்படித்தான் இருக்கும், வீட்டுக்குப் போய் மிளகாய் காயப்போடுங்கள் என்றாள். றாஹிலா அதை நம்பவில்லை. மூன்று பக்கம் எழுதியதை ஒரு வாய்ச்சொல்லுக்கு விட்டுக்கொடுக்கிற பொம்புளையா அவள்?

நோவு எனக்கு என்று சொன்னவுடன் என்னைக் குழாய்க்குள் அனுப்பினார்கள். மல்லாக்கத்தான் போட்டார்கள், றாஹிலா சொன்னது சரி. சம்மட்டிச் சத்தமும் சரி. அவள் சொல்லாத ஒன்று, உள்ளே ஒரு சின்ன வெளிச்சம் இருந்தது. உங்களுக்கு அதுவும் இல்லையே என்று நினைத்தேன், கண்ணீர் காதுக்குள் ஓடியது. அசையக் கூடாது என்றபடியால் துடைக்கவும் இல்லை.

என் படம் வந்தது. ஒன்றும் இல்லை. தேய்வு இல்லை, பிதுக்கம் இல்லை, முப்பது வயதுப் பொம்புளையின் நாரியாம். நான் சந்தோசப்பட்டு மற்றவர்களைப் பார்த்தேன். நளீமின் முகத்தில் ஒரு சொட்டுச் சந்தோசம் இல்லை. "மாமி, ஒண்டுமே இல்லியாம்" என்றார், வலை வெறுமையாகக் கரைக்கு வந்தால் நீங்கள் சொல்லுகிற அதே குரலில். திரும்பி வரும்போது வேனில் மெத்தை றாஹிலாவுக்கு. படம் உள்ளவளுக்குத்தானே மெத்தை. நான் முன் ஆசனத்தில் எட்டு மணித்தியாலம் குந்திக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் எனக்கு நோவே இல்லை என்று ஆகிவிட்டது. "படத்துல இல்லாத நோவு எங்க உம்மா இரிக்கி?" என்று சிபானா கேட்டாள். "மனசுலதான் நோவாம், வாப்பாட கவலையாம்" என்று இன்ஸாப் குரல் அனுப்பினான். என் படத்தை ஒருவரும் யன்னலில் பிடித்துப் பார்க்கவில்லை. அபுல் ஹஸன் காக்கா கேட்டதற்கு, வெற்றுப் படம் காக்கா என்றார் நளீம், அவரும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. நோவைவிட அதுதான் நொந்தது. குனிந்து ஸுஜூது செய்ய ஏலாமல் கதிரையில் இருந்து தொழுகிறேன், அதைக்கூடப் பிள்ளைகள் பகிடியோ என்று பார்க்கிறார்கள். ஒரு நாளும் பொய் சொல்லாத நாரியைப் பொய்க்காரி ஆக்கிவிட்டது அந்தக் கறுப்புத் தாள்.

போன மாதம் ஒருவருக்கும் சொல்லாமல் ஓட்டோ பிடித்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். துண்டு எழுதி, பயிற்சி சொல்லிக் கொடுக்கிற அறைக்கு அனுப்பினார்கள். திருக்கோவில் ஊர்ப் பிள்ளை, நிலாந்தினி என்று பேர். படத்தை நீட்டினேன், வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "இரிங்க உம்மா. எங்க நோகுது, தொட்டுக் காட்டுங்க" என்றாள். நோவு தொடங்கி இவ்வளவு காலத்தில் என் நாரியை ஒருவர் தொட்டது அன்றைக்குத்தான், மச்சான். இவ்வளவு பேர் பார்த்தார்கள், ஒருவரும் தொடவில்லை. விரலால் அழுத்திக்கொண்டே அவளும் அதே கேள்வியைக் கேட்டாள்: "பாரம் தூக்கினீங்களோ?" இல்லை என்றேன். "வீட்டில ஆரையும் வெச்சுப் பாத்தீங்களோ?" மச்சானை, ஆனால் அவர் தானாகத்தான் நடந்தார் என்றேன். கையை அதே இடத்தில் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு, படுத்துக் கிடக்காதீங்க, நடங்க, நோவு இருந்தால் ஆபத்து என்று அர்த்தமில்லை என்று சொல்லி நாலு பயிற்சி காட்டினாள். எலும்பில் ஒன்றும் இல்லை என்றாலும் நோவு உண்மைதான் உம்மா என்றாள். அந்த ஒரு வசனத்துக்காகக் கொழும்புக்கு மெத்தையில் போய், குந்திக்கொண்டு வந்திருக்கிறேன்.

இப்போது ஸுபஹு தொழுதுவிட்டு, றாஹிலாவையும் இழுத்துக்கொண்டு, வலை இழுக்கிற கரையால் நடக்கிறேன். முதல் நாள் ஆறு இடத்தில் குந்தி இருந்தாள். இப்போது எனக்கு முன்னால் போய் நின்று, "கெதியா வாங்க ராத்தா" என்கிறாள். இருந்தும் அவளுடைய படம் அலுமாரியில் காணி உறுதியோடு பத்திரமாக இருக்கிறது. என் படம் கோழிக்கூட்டுக் கூரையில் ஓட்டை மறைக்கிறது. ஒரு சொட்டு மழை இறங்குதில்லை, அந்தளவுக்கு நல்ல படம்.

வேறு புதினம் இல்லை. சிபானா, நளீம், இன்ஸாப், றாஹிலா எல்லாரும் உங்களுக்கு ஸலாம் சொல்லுகிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் யாஸீன் ஓதுகிறேன். ரப்பு உங்கட கபுறை விசாலமாக்கி வெளிச்சமாக்கித் தருவானாக. என் நாரியைப் பற்றி யோசிக்க வேண்டாம், அது நீங்கள் போன பிறகு வந்த நோவு, நடக்க நடக்கப் போகும்.

இப்படிக்கு, என்றும் உங்கள்,
சுல்பிகா

பி.கு.: மேல இரிக்கிறது சிபானா பாத்துத் திருத்தினது. இத அவக்குக் காட்டமாட்டன். பிழைக்கெல்லாம் நீங்களே வட்டம் போட்டுக்குங்க.

நீங்க போன பொறகு வந்த நோவு எண்டு எழுதினன், அது பொய். பாரம் தூக்கல்ல எண்டு எல்லாருக்கும் சென்னன், அதுவும் பொய். கரைவலை இழுத்தவன் பொஞ்சாதிர தோளில தொங்குறான் எண்டு ஒருத்தனும் செல்லப்படாது, புள்ளைகளுக்குந் தெரியப்படாது எண்டு நீங்க என்ட கையப் புடிச்சி அழுதீங்க. ரெண்டு வருசமும் பின்வளவுக் கதவச் சாத்திட்டு நான்தான் ஒங்களத் தூக்கினன். கழுவி, சாரன் உடுத்தி, தொப்பி வெச்சி, ஆக்கள் வர முந்தி வாசல் கதிரையில கொண்டந்து இருத்தினன். ஒங்கட வலப்பக்கம் வழங்காது, அந்தப் பக்கம் சரிஞ்சா கை அடியில நசுங்கி முனகுவீங்க, அதால ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காப் பெரட்டிப் போட்டன். நாரி புடிச்சது ஒங்கள அடக்கின மூணாம் நாள் இல்ல, அதுக்கு ஒண்டர வருசத்துக்கு முந்தி, கிணத்தடியில. நாலு மெசினுக்குள்ள போட்டாலும் நான் வாயத் தொறக்கமாட்டன். நிலாந்தினிக்கு மட்டும் வெளங்கிட்டு எண்டு நினைக்கன், ஆனா அவ நல்ல புள்ள, கேக்கல்ல.

இன்னொண்டு. நோவு கொறஞ்சிட்டு வருது. நேத்தும் இண்டைக்கும் பயிற்சி செய்யல்ல. அது ஒங்களத் தூக்கின நோவு, போக்க மனமில்ல.

ஒங்கள அடக்கிட்டு வந்த அண்டைக்கு நளீம் ஆறுதலுக்குச் சென்னார், "வலப்பக்கமாச் சரிச்சி, கிப்லாவப் பாத்து, வடிவா வெச்சம் மாமி" எண்டு. அதுதான் மொற, நான் பிழை செல்லல்ல. ஆனா ஆறு மாசமும் பத்து நாளும் ஆகுது. அங்க ஒங்களப் பெரட்டிப் போடுறது ஆரு, மச்சான்?